‘டு’வுக்குப் பின்னால் ‘ஹியரிங்’ எப்படி வந்தது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அலுவலக மெயிலின் கடைசி வரியாக ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதினீர்கள். மேலாளர் ‘ஹியர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹியரிங்’ என்று திருத்தினார். ‘டு’வுக்குப் பிறகு வினையின் முதல் வடிவம்தான் வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். புத்தகத்தைப் புரட்டினால் ‘இது ஜெரண்ட்’ என்ற ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். ‘ஹீ இஸ் ஸ்விம்மிங்’ என்பதில் வருகிற பார்ட்டிசிப்பிளுக்கும் ‘இங்’, ஜெரண்டுக்கும் ‘இங்’ என்றால் எதை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் கேள்வி. பார்த்தால் ஜெரண்டுக்கு விளக்கம் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். எழுதிக்கொண்டு போகும்போது கை தயங்கி நிற்கிற இடத்தில் ‘இங்’ போடுவதா ‘டு’ போடுவதா, அதை எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பெயர் விவகாரம் வழியில் தானாக வந்துவிடும்.

நான் 22 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் கல்லூரி, மாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. மொழியியல் ஆராய்ச்சியாளன் இல்லை; தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதில் இலக்கண நூல்கள் எல்லாம் ஒப்புக்கொள்வதும் இருக்கும், வகுப்பில் வேலை செய்கிறது என்பதற்காக நான் வைத்திருக்கும் குறுக்குவழியும் இருக்கும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜெரண்ட் என்பது நம்மூர்த் தொழிற்பெயர். ‘தல், அல், அம், ஐ, கை, வை, கு, பு’ என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்த விகுதிப் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். ஆனால் ‘ஒரு தொழிலுக்குப் பெயராக வருவது தொழிற்பெயர்’ என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது. தொல்காப்பியம் வினைச்சொல்லுக்குச் சொல்லும் அடையாளம்தான் இங்கே கைகொடுக்கும்: வினை வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும். ‘படிக்கிறான்’ என்பதோடு ‘ஐ’யையோ ‘கு’வையோ ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. ‘படிப்பது’ என்று மாற்றுங்கள். படிப்பதை, படிப்பதற்கு, படிப்பதால், படிப்பதில் என்று எல்லா உருபும் வரிசையில் வந்து ஏறிக்கொள்ளும். வேற்றுமை ஏறுகிறது என்றால் அது பெயர்.

ஆங்கிலத்தில் உருபு பின்னால் ஒட்டாது. அந்த வேலையைப் பிரிபொசிஷன் முன்னால் நின்று செய்கிறது. படிப்பதால் என்பது ‘பை ரீடிங்’. படிப்பதற்கு என்பது ‘ஃபார் ரீடிங்’. படிப்பதில் என்பது ‘இன் ரீடிங்’. படிக்காமல் என்பதுகூட ‘வித்தவுட் ரீடிங்’தான். நாம் உருபு ஒட்டுவதற்காக வினையைப் பெயராக்குகிறோம், அவர்கள் பிரிபொசிஷனுக்குப் பின்னால் வைப்பதற்காக வினையைப் பெயராக்குகிறார்கள். ஆக, பிரிபொசிஷனுக்கு அடுத்து ஒரு வினை வர வேண்டியிருந்தால் அது ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வரும். இது உறுதியான விதி. ‘பட்’, ‘எக்ஸெப்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இதற்கு அடங்காமல் திரியும்: ‘ஹீ டஸ் நத்திங் பட் கம்ப்ளெய்ன்’ என்பார்கள், குறை சொல்வதைத் தவிர அவன் ஒன்றும் செய்வதில்லை என்று. மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இப்போது உங்கள் ‘டு’வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு. ஒன்று, ‘படிக்க, போக, பார்க்க’ என்பதில் வரும் ‘அ’ போன்றது. ‘டு ரீட், டு கோ, டு சீ’. இன்னொன்று, ‘மதுரைக்கு, அவனுக்கு’ என்பதில் வரும் ‘கு’ போன்றது, அசல் பிரிபொசிஷன். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது முதல் ‘டு’வைப் பற்றி மட்டும். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இரண்டாவது. எப்படிக் கண்டுபிடிப்பது? வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ என்றோ ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லையோ வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’, ‘டு த பொங்கல் ஹாலிடேஸ்’ என்று சொல்லலாம், சரியாக உட்காருகிறது. அப்படியானால் அங்கே பெயர்தான் வர வேண்டும். ‘ஹியர்’ பெயராகி ‘ஹியரிங்’ ஆகிறது. ‘ஐ வான்ட் டு இட்’ என்று யாரும் சொல்வதில்லை, அதனால் அது முதல் ‘டு’; ‘ஐ வான்ட் டு ஹியர்’ என்பதே சரி. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வித் எ வ்யூ டு’ இவையெல்லாம் இந்த இரண்டாவது ‘டு’ கூட்டம். அலுவலகக் கடிதங்களில் அதிகம் தப்பு நடக்கும் இடமும் இதுவே.

இதே கூட்டத்தில் ஒரு விஷமக்காரன் ‘யூஸ்டு டு’. ‘ஐ யூஸ்டு டு டிரிங்க் காபி’ என்றால் முன்னெல்லாம் காபி குடிப்பேன், இப்போது விட்டுவிட்டேன். ‘ஐ ஆம் யூஸ்டு டு டிரிங்கிங் காபி’ என்றால் காபி குடித்துப் பழகிவிட்டது. நடுவில் ஒரு ‘ஆம்’ நுழைந்ததும் ‘டு’வின் சாதியே மாறிவிடுகிறது. ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்று சொல்ல முடிகிறதல்லவா, அதே சோதனை.

ஜெரண்ட் பெயர் என்று சொன்னேன். அது பாதி உண்மை. வெளியே இருந்து பார்த்தால் பெயர், உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் வினை. ‘தோசையை மெதுவாகத் திருப்புவது கஷ்டம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கஷ்டம்’ என்பதற்கு எழுவாயாக ‘திருப்புவது’ நிற்கிறது, அந்த அளவில் அது பெயர். ஆனால் எதைத் திருப்புவது? தோசையை. எப்படி? மெதுவாக. செயப்படுபொருளையும் வினையடையையும் கூடவே வைத்திருக்கிறது; பெயருக்கு இதெல்லாம் ஏது? ஆங்கிலத்திலும் அச்சாக இப்படித்தான்: ‘டர்னிங் எ தோசை ஸ்லோலி இஸ் டிஃபிகல்ட்’. ‘ஸ்லோ டர்னிங் எ தோசை’ என்று எழுதினால் தப்பு. அதுவே முழுப் பெயராக மாறிவிட்டால் ‘த ஸ்லோ டர்னிங் ஆஃப் த தோசை’ என்று ‘த’வும் ‘ஆஃப்’பும் வந்து சேரும், ‘ஸ்லோலி’ ‘ஸ்லோ’ ஆகும். நம்மிடமும் இதே இரண்டு படிகள் இருக்கின்றன. ‘மெதுவாக நடப்பது’ என்கிறோம், ‘மெதுவான நடை’ என்கிறோம். ‘ஆக’ வந்தால் உள்ளே வினை உயிரோடு இருக்கிறது, ‘ஆன’ வந்தால் முழுக்கப் பெயராகிவிட்டது. இந்த ஆக–ஆன கணக்கை வகுப்பில் சொல்லும்போது முகங்கள் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ‘கேர்ஃபுல் டிரைவிங்’, ‘டிரைவிங் கேர்ஃபுலி’ இரண்டும் ஏன் சரி என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

சரி, ஒரே ‘இங்’ எப்படி இரண்டு வேலை பார்க்கிறது? இது தற்செயலாக நடந்த ஒரு விபத்து. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்னால், இரண்டும் வேறுவேறு விகுதிகள். தொழிலைப் பெயராக்க ‘உங்’ அல்லது ‘இங்’. ‘ஓடுகிற, தூங்குகிற’ என்று அடையாக்க ‘எண்டெ’. ஜெர்மன் மொழியில் இந்தப் பிரிவினை இன்றும் ‘உங்’, ‘எண்ட்’ என்று தனித்தனியாக இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலிகள் மழுங்கி இரண்டும் ‘இங்’ ஆகிவிட்டன. ஜெரண்ட் என்ற பெயரும் ஆங்கிலத்துடையது இல்லை, லத்தீனிலிருந்து வாங்கியது. அங்கே ஜெரண்ட் எழுவாயாகவே வராது. அந்த இடத்துக்கு இன்ஃபினிட்டிவை, அதாவது நம் ‘டு ரீட்’ போன்ற வடிவத்தைத்தான் போடுவார்கள். ஆங்கிலத்தில் ஜெரண்ட் வாக்கியத்தின் தலையிலேயே உட்காரும். ஆகவே அளவு எடுக்காமல் வாங்கிய சட்டை அது, அங்கங்கே இறுக்கும்.

பிரித்துப் பார்க்க ‘இட்’ சோதனையே போதும். ‘ஐ லைக் ஸ்விம்மிங்’ என்பதில் ‘ஐ லைக் இட்’ என்று சொல்லலாம், ஜெரண்ட். ‘ஹீ இஸ் ஸ்விம்மிங்’ என்பதை ‘ஹீ இஸ் இட்’ என்றால் அபத்தம், பார்ட்டிசிப்பிள். ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழி மாதிரி வரும்போதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் தண்ணீர் ஓடுகிறது. ‘டிரிங்கிங் வாட்டர்’ என்றால் தண்ணீர் எதையும் குடிப்பதில்லை; அது குடிப்பதற்கான தண்ணீர். முன்னது பார்ட்டிசிப்பிள், பின்னது ஜெரண்ட். தமிழிலும் ‘ஓடுநீர்’, ‘குடிநீர்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான்; வினைத்தொகை என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, பொருளைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ‘வாக்கிங் ஸ்டிக்’ தானாக நடக்காது, ‘ஸ்லீப்பிங் பில்’ தூங்காது, ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ தூங்கும். பேச்சில் அழுத்தமும் காட்டிக்கொடுக்கும்: ‘டான்ஸிங் டீச்சர்’ என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் நடனம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், இரண்டாவதையும் சேர்த்து அழுத்தினால் ஆசிரியர் ஆடிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பெயர்த்தன்மையை நம்மவர்கள் எந்த இலக்கணமும் படிக்காமலேயே பிடித்துவிட்டார்கள் என்பதற்குத் தெருவில் ஆதாரம் இருக்கிறது. ‘பார்க்கிங்கில் விட்டுட்டு வா’, ‘ஷூட்டிங்குக்குப் போயிருக்கார்’, ‘கவுன்சிலிங்கில் சீட் கிடைச்சுது’, ‘வெல்டிங்கை முடிச்சுட்டுப் பெயிண்டிங்’. எல்லாம் ஜெரண்ட் வழியில் வந்த சொற்கள், எல்லாவற்றிலும் தமிழ் வேற்றுமை உருபு ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. பார்ட்டிசிப்பிளில் அது ஏறாது.

இனி வினைக்குப் பின் வினை வரும் இடம். உங்கள் கை தயங்கும் முக்கியமான இடமும் இதுவாகத்தான் இருக்கும். சில வினைகளுக்குப் பிறகு ‘இங்’, சிலவற்றுக்குப் பிறகு ‘டு’, சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு இரண்டும் வந்து பொருள் மாறும். புத்தகங்கள் பட்டியல் கொடுக்கும். நான் முதலில் தமிழைக் கேட்கச் சொல்வேன். தமிழில் ‘செய்ய’ என்று வந்தால் ‘டு’, ‘செய்வது, செய்ததை’ என்று வந்தால் ‘இங்’. இது குறுக்குவழி, விதி இல்லை. ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்கிறது. ‘போக விரும்புகிறேன்’, ‘போக முடிவு செய்தேன்’, ‘போக மறுத்தான்’: மூன்றும் ‘டு’. ‘போவதைத் தவிர்த்தான்’, ‘போவதைத் தள்ளிப்போட்டான்’, ‘திருடியதை மறுத்தான்’: மூன்றும் ‘இங்’, அதாவது ‘அவாய்டட் கோயிங்’, ‘போஸ்ட்போன்டு கோயிங்’, ‘டினைட் ஸ்டீலிங்’. போக மறுத்தால் ‘ரிஃப்யூஸ்டு டு’, செய்ததை மறுத்தால் ‘டினைட்’ + ‘இங்’. தமிழில் ஒரே ‘மறுத்தான்’தான்; முன்னால் நிற்கும் சொல் எந்த ஆங்கில வினை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது பாருங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த ஒருவர் என்னிடம் படித்தார். வெளிநாட்டு பையருக்கு அவர் எழுதிய மெயிலில் ‘வீ ஸ்டாப்டு டு பை யார்ன் ஃப்ரம் தட் மில்’ என்று ஒரு வரி. அந்த மில்லின் நூலில் கறை வருகிறது என்று பையர் புகார் சொல்லியிருந்தார். அதற்கான பதில் அது. மறுநாள் காலையில் பதில் வந்தது, ‘புரொடக்‌ஷனை ஏன் நிறுத்தினீர்கள், ஷிப்மென்ட் தேதி என்ன ஆகும்’ என்று. அதற்கு மேல், அந்த மில்லிடம் இன்னும் ஏன் நூல் வாங்குகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி. இவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வகுப்புக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ‘தமிழில் என்ன சொல்ல நினைத்தீர்கள்?’ என்று கேட்டேன். ‘அந்த மில்லில் நூல் வாங்குவதை நிறுத்திவிட்டோம், சார்’ என்றார். ‘வாங்குவதை’ என்று வாய் தெளிவாகச் சொல்கிறது, கை ‘டு பை’ என்று எழுதியிருக்கிறது. ‘ஸ்டாப்டு பையிங்’ என்றால் வாங்குவதை நிறுத்தினோம். ‘ஸ்டாப்டு டு பை’ என்றால் வாங்குவதற்காக நின்றோம். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நூல் வாங்கப் போனோம் என்று பையர் படித்துக்கொண்டார். அவர் படித்ததில் தப்பே இல்லை.

இப்படிப் பொருள் மாறும் வினைகள் சிலவே, அவற்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்’ என்றால் ‘ஐ ஃபர்காட் டு லாக்’. வீடு திறந்து கிடக்கிறது. ‘பூட்டியதை மறந்துவிட்டேன்’ என்றால் ‘ஐ ஃபர்காட் லாக்கிங்’. வீடு பூட்டித்தான் இருக்கிறது, எனக்குத்தான் நினைவில்லை. ‘பூட்டியது நினைவிருக்கிறது’ என்பது ‘ஐ ரிமெம்பர் லாக்கிங்’. ‘மறக்காமல் பூட்டு’ என்பது ‘ரிமெம்பர் டு லாக்’. ‘அவனிடம் சொன்னதற்கு வருந்துகிறேன்’ என்பது ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’. ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று வேலை கிடைக்காதவருக்கு வரும் கடிதம் ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’. ‘ட்ரை’ விஷயத்தில் தமிழ் இன்னும் அழகு. ‘மூடியைத் திறக்க முயன்றேன்’ என்றால் ‘ஐ ட்ரைடு டு ஓப்பன்’. கஷ்டப்பட்டேன், திறந்ததா என்று தெரியாது. ‘கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்’ என்றால் ‘ட்ரை ஆடிங் சம் சால்ட்’. போடுவதில் கஷ்டமே இல்லை, போட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நம்முடைய ‘செய்து பார்’ என்ற துணைவினைதான் அந்த ‘ட்ரை’ + ‘இங்’. இதை எந்த ஆங்கிலப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது.

குறுக்குவழி எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நாம் ‘எழுதி முடித்தேன்’ என்போம். ‘செய்ய’வும் இல்லை, ‘செய்வது’ம் இல்லை. ஆங்கிலம் ‘ஃபினிஷ்டு ரைட்டிங்’ என்கிறது. ‘பாட்டுக் கேட்டு ரசித்தேன்’ என்பது ‘என்ஜாய்டு லிஸனிங்’. ‘பேசிக்கொண்டே இருந்தான்’ என்பது ‘கெப்ட் டாக்கிங்’. ‘அழுது பயனில்லை’ என்பது ‘இட் இஸ் நோ யூஸ் கிரையிங்’. இவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: தமிழில் ‘செய்து’ என்ற வினையெச்சம் வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இங்’. ஆனால் ‘பேசப் பழகு’ என்ற இடத்தில் தமிழ் நம்மை நேரடியாகவே ஏமாற்றும். ‘பிராக்டிஸ் டு ஸ்பீக்’ இல்லை, ‘பிராக்டிஸ் ஸ்பீக்கிங்’. ‘போகலாம் என்று சொன்னான்’ என்பதில் தமிழ் எந்தக் குறிப்பும் தராது. ‘சஜெஸ்டட் கோயிங்’ என்பதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான். ‘சஜெஸ்டட் மீ டு கோ’ என்பது நம்மூர் மெயில்களில் தினமும் பார்க்கிற தப்பு. ‘சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்பதற்கு நாம் இரண்டு எதிர்மறை போடுகிறோம். அவர்கள் ‘குட் நாட் ஹெல்ப் லாஃபிங்’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘மைண்ட்’, ‘கன்ஸிடர்’, ‘ரிஸ்க்’ மூன்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘லைக்’, ‘லவ்’, ‘ஹேட்’, ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’, ‘கன்டினியூ’ இவற்றுக்கு இரண்டும் வரும், பெரிய வித்தியாசம் இல்லை. ‘உட்’ சேர்ந்து ‘உட் லைக்’ என்று வந்தால் மட்டும் ‘டு’.

ஏன் சிலது இப்படி, சிலது அப்படி? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: ‘டு’ வந்தால் இனி நடக்கப்போவது, ‘இங்’ வந்தால் நடந்தது அல்லது நடந்துகொண்டிருப்பது. இதற்கு வரலாற்றில் கொஞ்சம் ஆதரவும் இருக்கிறது. இன்ஃபினிட்டிவ் ‘டு’வும் ஒரு காலத்தில் ‘நோக்கி’ என்று பொருள்படும் பிரிபொசிஷனாக இருந்ததுதான். மறந்த கதவுக்கும் நிறுத்திய நூலுக்கும் இது பொருந்துகிறது. ஆனால் ‘அவாய்ட்’, ‘போஸ்ட்போன்’, ‘சஜெஸ்ட்’ எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றியவை, ‘இங்’ எடுக்கின்றன. ‘மேனேஜ்டு டு எஸ்கேப்’ என்றால் தப்பித்தே விட்டான், இருந்தும் ‘டு’. அதனால் இந்த விளக்கத்தை நினைவுக்கு ஒரு கொக்கியாக வைத்துக்கொள்ளலாம், விதியாக நம்பித் தேர்வில் எழுதக் கூடாது.

அடுத்தது, அறிஞர்களே சண்டை போட்ட ஓர் இடம். ‘அவன் தாமதமாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதில் ‘அவன்’ எழுவாயாகவே நிற்கிறது. அதை அப்படியே பெயர்த்து ‘ஐ டோன்ட் லைக் ஹீ கம்மிங் லேட்’ என்று எழுதுவார்கள். அது தப்பு, இதில் இரண்டு கருத்து இல்லை. ‘ஹிஸ் கம்மிங்’ என்பதா ‘ஹிம் கம்மிங்’ என்பதா என்பதில்தான் தகராறு. ஆங்கில நடைக்கு வழிகாட்டி எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் வந்த தங்கள் நூலில் ‘ஹிம் கம்மிங்’ வகையை ‘ஃபியூஸ்டு பார்ட்டிசிப்பிள்’ என்று பெயர் வைத்துக் கண்டித்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் நல்ல எழுத்தாளர்கள் காலங்காலமாக அப்படி எழுதிவந்திருப்பதைக் காட்டி மறுத்தார். இன்றைய நிலையில் பேச்சில் ‘ஹிம்’ சாதாரணம், முறையான எழுத்தில் ‘ஹிஸ்’ பாதுகாப்பு. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் ‘ஹிஸ் கம்மிங் லேட் அன்னாய்டு அஸ்’ என்று எழுதுவதே நல்லது. போட்டித் தேர்வில் கேட்டால் யோசிக்காமல் ‘ஹிஸ்’ஸைத் தேர்ந்தெடுங்கள்.

ஜெரண்டா பார்ட்டிசிப்பிளா என்று முடிவு சொல்ல முடியாத வாக்கியங்களும் உண்டு. ‘ஷி ஸ்பென்ட் த ஈவனிங் ரீடிங்’, ‘ஹீ இஸ் பிஸி குக்கிங்’, ‘லெட் அஸ் கோ ஷாப்பிங்’. முன்னால் ஒரு ‘இன்’ இருந்து மறைந்துவிட்டது, எனவே ஜெரண்ட் என்பார் ஒருவர். அப்படியெல்லாம் இல்லை என்பார் இன்னொருவர். ‘கோ ஷாப்பிங்’ வகைக்கு முன்பு ஆங்கிலத்தில் ‘வென்ட் அ-ஹன்டிங்’ என்று ஒரு வடிவம் இருந்தது, அந்த ‘அ’ என்பது ‘ஆன்’ தேய்ந்தது. எனவே பிறப்பில் அது ஜெரண்ட் என்று சொல்லலாம். பிறப்பு வேறு, இன்றைய இருப்பு வேறு. 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இந்தப் பிரிவினையே வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்து ‘ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். நம் தேர்வு வினாத்தாள்கள் இன்னும் பழைய பிரிவில்தான் இருக்கின்றன, அதனால் எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ பிரிபொசிஷனுக்குப் பின்னாலோ நின்றால் ஜெரண்ட் என்று எழுதிவிட்டு நகருங்கள். நம்மிடமும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. ‘படிப்பது’ என்பது ‘படித்தல்’ என்ற தொழிலா, ‘படிக்கின்ற அது’ என்ற வினையாலணையும் பெயரா என்று புலவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் ஓடிவிடும்.

இரண்டு சின்னத் தப்புகளைச் சொல்லிவிடுகிறேன், திருத்துவது சுலபம் என்பதால். தமிழில் ‘வருவது’, ‘வந்தது’ என்று காலம் காட்டும் வசதி இருப்பதால், ‘வந்ததற்கு நன்றி’ என்பதை ‘தேங்க்ஸ் ஃபார் கேம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில ஜெரண்ட் தன்னளவில் காலம் காட்டாது. வந்ததற்கும் ‘ஃபார் கமிங்’, வரப்போவதற்கும் ‘ஃபார் கமிங்’. முன்னால் நடந்து முடிந்தது என்று அழுத்திச் சொல்லத்தான் ‘ஹேவிங் கம்’. இன்னொன்று, ‘ரீடிங் புக்ஸ் ஆர் எ குட் ஹேபிட்’. பக்கத்தில் ‘புக்ஸ்’ என்று பன்மை இருப்பதால் கை ‘ஆர்’ போட்டுவிடுகிறது. நல்ல பழக்கம் புத்தகங்களா, படிப்பதா? படிப்பது. அது ஒருமை, ஆகவே ‘இஸ்’.

கடைசியாக உங்கள் வரியையே ஒரு தடவை பாருங்கள்: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. இதில் இரண்டு ‘இங்’ இருக்கின்றன. ‘லுக்கிங்’ என்பது ‘ஆம்’மோடு சேர்ந்து ‘எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று காலம் காட்டுகிறது, அது பார்ட்டிசிப்பிள். ‘ஹியரிங்’ பிரிபொசிஷன் ‘டு’வுக்குப் பின்னால் பெயராக நிற்கிறது, அதே சமயம் ‘ஃப்ரம் யூ’வை வினைபோலத் தன்னோடு வைத்திருக்கிறது, அது ஜெரண்ட். இன்னும் கொஞ்சம் முறையான கடிதம் என்றால் முதல் ‘இங்’கை எடுத்துவிட்டு ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதலாம். இரண்டாவதை எடுக்க முடியாது.